இரண்டு மூக்கும் ஒன்றாகட்டும்!



செம்பரம்பாக்கத்திலிருந்து பெங்களூர் சாலையில் சற்றுத் தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். அங்கே செல்போன் தொழிற்சாலைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலருடைய அக்காக்கள் கம்பெனி பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போகலாம். அவர்கள் கைபட்ட போன்கள் கடல் தாண்டிப் போகின்றன. போனை நீட்டினால் போதும். அதுவே தூரம் பார்த்து, வெளிச்சம் பார்த்து, 'க்ளிக்!'

இந்தக் காலத்திலும், எதையுமே தானாகச் செய்யாத ஒரு கேமராவைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள் சிலர். 'ரேஞ்ச் பைண்டர்' என்று பெயர். தூரம் அறியும் கேமரா என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிலிம் ரோல் போட்டு எடுக்கும் பழைய ரகம். அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

முதலில் ஒரு விளையாட்டு. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறிக் குதிக்கிறதா? மூக்கின் அருகே கொண்டு வந்தால் இன்னும் அதிகமாகக் குதிக்கும். பக்கத்தில் இருந்தால் பெரிய குதி, தள்ளி இருந்தால் சின்னக் குதி. அப்படியானால் குதியை வைத்தே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா?

அந்தக் கேமரா செய்வதும் இதைத்தான். அதன் நெற்றியில் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு சன்னல்கள் இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதற்குள் தம்பியின் முகம் வந்தால் இரண்டு மூக்கு, நாலு கண்! லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை மெதுவாகத் திருப்பினால், இரண்டு மூக்கும் நெருங்கி வந்து ஒன்றாகும். தூரம் சரி. இனி படம் பளிச்சென்று விழும்.

வேடிக்கை என்னவென்றால், இன்றைய செல்போன்கள் பலவும் லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் வெளிச்சத்தை ஒப்பிட்டு, இதே வித்தையைத்தான் செய்கின்றன. கண் இமைக்கும் நேரத்தில், நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்!

ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்றொருவர் இருந்தார். ஆஸ்துமா நோயாளி. அந்தக் காலத்துக் கனத்த கேமராவைச் சுமந்து நடந்தால் மூச்சு இரைக்கும். எனவே, சினிமா பிலிமைப் பயன்படுத்திக் கைக்கு அடக்கமான கேமரா ஒன்றைச் செய்தார். 1925-ல் 'லைக்கா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1932-ல் தூரம் பார்க்கும் சன்னலும் அதோடு சேர்ந்தது.

அந்த லைக்காவோடு நம் ஊருக்கே ஒருவர் வந்தார். பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன். 1948 ஜனவரி 30-ல் காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்புவரை அவரோடு இருந்து படம் எடுத்தவர். 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி கடும் நோயில் இருந்த நாட்கள் அவை. ஏப்ரல் 14-ம் தேதி இரவு மகரிஷி மறைந்தார். அவருடைய கடைசி நாட்களின் படங்கள் சில பிரெஸ்ஸோன் எடுத்தவை.

நோயாளியின் முன் 'பளிச்' என்று பிளாஷ் அடிக்கலாமா? பிரெஸ்ஸோன் பிளாஷே பயன்படுத்த மாட்டார். கேமராவின் மினுக்கும் உலோகத்தைக்கூடக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிடுவார். வேறு சில கேமராக்களில், பொத்தானை அமுக்கியதும் உள்ளே ஒரு கண்ணாடி 'டப்'பென்று எழும்பும். ரேஞ்ச் பைண்டரில் அந்தக் கண்ணாடியே கிடையாது. மெல்லிய சத்தம்தான்.

குறையும் உண்டு. லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை, சன்னல் வழியாகத்தானே பார்க்கிறோம்? லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தால் தெரியவே தெரியாது. கழுவிப் பார்த்தால் 36 படமும் அம்பேல்!

பிலிமுக்கும் நம் மாநிலத்தில் ஒரு கதை இருக்கிறது. ஊட்டியில் 'இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' என்ற அரசுத் தொழிற்சாலை இருந்தது. 1960-ல் தொடங்கிய நிறுவனம். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. வெளிச்சம் பட்டால் பிலிம் பாழாகிவிடும். எனவே, பிலிமில் ரசாயனம் பூசும் வேலையெல்லாம் இருட்டில்தான். டிஜிட்டல் வந்தது, தொழிற்சாலை நொடித்தது, மூடியும்விட்டார்கள். இருட்டில் கையால் தடவியே வேலை பழகியவர்களின் அந்த அனுபவத்தை யாராவது உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தால் நன்றாக இருக்கும்.

லைக்கா நிறுவனமோ, 1984-ல் அறிமுகமான தன் 'எம்6' பிலிம் கேமராவை 2022-ல் மறுபடியும் தயாரிக்க ஆரம்பித்தது. விலை சில லட்சம் ரூபாய்! நமக்கு வேண்டாம் அது. ஆனால், தாத்தாவின் பீரோவில் பழைய யாஷிகாவோ கேனனோ தூங்கிக்கொண்டிருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போவதற்குள் எடுத்துப் பாருங்கள். உள்ளே பிலிம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பின்கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கேமரா இல்லையா? பரவாயில்லை. இந்த ஞாயிறு அப்பா, அம்மாவோடு ஏரிக்கரைக்குப் போனால், அவர்கள் செல்போனில் மூன்றே மூன்று படம் எடுங்கள். நாலாவது கிடையாது. அழிக்கவும் கூடாது. எடுத்ததை அடுத்த ஞாயிறு வரை திறந்தும் பார்க்கக் கூடாது. எத்தனை பேருக்கு முடிகிறது, பார்ப்போமா?

அன்புடன்,
ஆசிரியர்