ஜெயிச்சது யாரு பாஸ்?

சுந்தரபாண்டியபுரம்னா 1992-ல வந்த 'ரோஜா' படமும் சூரியகாந்திப் பூவும்தானே ஞாபகம் வருது? அந்தப் பக்கத்து ஸ்கூல் பசங்களும் கபடி ஆடுறாங்க. குறுவட்டம், மாவட்டம்னு போறாங்க. மறுநாள் பேப்பர்ல என்ன வருது? 'மாணவர்கள் சாதனை'ன்னு ஒரு போட்டோ. பரிசு கொடுத்தவர், தலைமை தாங்கினவர், நன்றி சொன்னவர்... எல்லார் பேரும் இருக்கும். ஆடினவங்க பேரு? ஸ்கோர்? ம்ஹூம்! பெரும்பாலும் பி.டி. சார் எழுதிக் கொடுக்கிறதுதான் செய்தி. பாவம், அவர் விசில் ஊதுவாரா, நியூஸ் எழுதுவாரா?

அமெரிக்காவுல இன்னும் காமெடி. 2023 ஆகஸ்ட்ல 'கொலம்பஸ் டிஸ்பேட்ச்' பத்திரிகை ஸ்கூல் மேட்ச் செய்தியை ஏ.ஐ.கிட்ட விட்டுச்சு. ஜெயிச்ச டீமோட பட்டப்பேர் வரவேண்டிய இடத்துல, 'ஜெயிச்ச டீமின் பட்டப்பேர்'னே வெளியாச்சு! எல்லாரும் சிரிச்சதும் நிறுத்திட்டாங்க.

பேப்பர்ல பேர் வந்தா சீட் கிடைக்காதுதான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல இருக்கிற 500 ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டுக்கும் சர்டிபிகேட்தான் கேட்பாங்க. ஆனா ஒரு பொண்ணை அடுத்த வருஷமும் கிரவுண்டுக்கு அனுப்ப வீட்டைச் சம்மதிக்க வைக்கிறது, டீக்கடையில நாலு பேர் படிச்ச அந்த ரெண்டு வரிதான் மக்கா! வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல காணாமப் போயிடும்.

லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? பழைய ஸ்கூல்ல ஒரு மேட்ச் பாருங்க. ஏழு பேரோட பேரு, இனிஷியல், ஸ்கோர்... எழுதி ஏரியா நிருபர்கிட்ட கொடுங்க. சிறப்பு விருந்தினர் பேரா? கடைசி வரியில போடுங்க!