புரதங்களுக்கும் ஒரு நிகண்டு

நிகண்டு படித்தவன் பழங்காலத்து மனிதன், அவனுக்கும் இக்கால விஞ்ஞானத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். நிகண்டு கற்பித்தே தலை நரைத்த யான் அதற்கு உடன்படேன். இன்று உயிரியலார் கைவிட முடியாத கருவியாகக் கொண்டிருப்பதும் ஒரு நிகண்டே. அதற்குத் தரவுத்தளம் என்று பெயரிட்டிருக்கிறார்கள்; அவ்வளவுதான்.

நம் உடம்பின் கலங்கள் ஓயாது ஒன்றுக்கொன்று தூது விடுகின்றன. உணவு உண்டபின் சதையி இன்சுலினைச் சுரக்கின்றது. தூதாகிய அந்த இன்சுலின் தசைக்கலத்தின் உள்ளே சென்று செய்தி சொல்வதில்லை. வாசலிலே நிற்கும் வாங்கி என்னும் புரதத்தைப் பற்றுகின்றது. வாங்கி, உட்புறத்தே நிற்கும் வேறொரு புரதத்தின்மீது பொசுபேற்றை ஏற்றுகின்றது. அஃது அடுத்ததை எழுப்ப, அடுத்தது மற்றொன்றை எழுப்ப, ஈற்றிலே குளுக்கோசு புகுதற்கு வழி திறக்கின்றது. இவ்வாறு பொசுபேற்றை ஏற்றும் புரதங்களுக்குக் கைனேசு என்று பெயர். மனிதரிடத்து அவை 518 என 2002 இல் கணக்கிட்டனர். தூது பிழைத்தால் நோய். நாட்பட்ட குருதிப் புற்றுநோய் வகையொன்றிலே ஓய்வின்றி ஏவிக்கொண்டே இருக்கும் ஒரு கைனேசை அடக்கும் இமாற்றினிப் என்ற மருந்து 2001 இல் வழக்குக்கு வந்தது. எப்புரதம் எதனை ஏவுகின்றது என்று ஆராய்வது வெறும் புலமை விளையாட்டு அன்று என்பதற்கு இஃதொன்றே சாலும்.

இனி, பெயர்களைப் பார்ப்போம். 1994 இல் ஆய்வுகூடங்கள் சில, ஒன்றையொன்று அறியாமல், ஒரே கைனேசை வெவ்வேறு வழியாற் கண்டுபிடித்தன. பற்றீரியா நஞ்சுக்குக் கலம் எவ்வாறு எதிர்வினை செய்கின்றது என ஆராய்ந்தவர் அதன் நிறை நோக்கிப் பி 38 என்றனர். அழற்சி தணிக்கும் மருந்து எதனைப் பற்றுகின்றது என ஆராய்ந்தவர் சி.எஸ்.பி.பி. என்றனர். இன்னொரு சாரார் ஆர்.கே. என்றனர். பின்னர் எம்.ஏ.பி.கே. 14 என்பது முறைப்படியான பெயராயிற்று. ஒருபொருளுக்குப் பல பெயர்! இதற்கு மறுதலையும் உண்டு. 'காப்' என்ற ஒரே சுருக்கப்பெயர், இன்சுலின் தூதிலே பங்குகொள்ளும் புரதம் ஒன்றுக்கும் அதனின் வேறாய இன்னொரு புரதத்துக்கும் வழங்குகின்றது. பி 38 என்பதோ ஒன்றன்று. நான்கு உடன்பிறப்புகளுக்குப் பொதுப்பெயர்.

திவாகரத்தைப் பாடங்கேட்டவர் இவ்விடத்திலே புன்முறுவல் செய்வர். அதன் பன்னிரண்டு தொகுதிகளிலே முதற் பத்தும் ஒருபொருட்குரிய பல பெயர்களைச் சொல்வன. பதினோராவது, ஒருசொற் பல்பொருட்பெயர்த் தொகுதி. பன்னிரண்டாவது, பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி. புரதங்களைத் தொகுத்தவர் எதிர்ப்பட்ட இடரும் இம்மூன்றே. 'யூனிப்புரொட்' என்னும் தரவுத்தளம் நம் பி 38 இன் முதல் உடன்பிறப்புக்குக் கியூ 16539 என ஓர் அடையாளம் கொடுத்து, அதன்கீழ்ப் பெயர்களையெல்லாம் அடக்கியிருக்கின்றது. யார் எப்பெயரிட்டு அழைத்தாலும் அவ்வடையாளம் மாறாது.

பெயரைத் தொகுத்தல் எளிது. பொருளைத் துணிதலே அரிது. பெங்களூரிலுள்ள உயிர்த்தகவலியல் நிறுவனத்தார், அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அகிலேஷ் பாண்டே குழுவினரோடு கூடி, மனிதப் புரத மேற்கோள் தரவுத்தளத்தை 2003 இல் வெளிப்படுத்தினர். உயிரியல் கற்றவர் ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து எழுதிய பதிவுகள் அவை. இரண்டு புரதங்கள் பொருந்தும் என எழுதினால் மட்டும் போதாது. அப்பொருத்தம் உயிருள்ள கலத்திலே காணப்பட்டதா, குழாயிலே காணப்பட்டதா, மதுவத்தை வைத்துச் செய்யும் சோதனையிலே காணப்பட்டதா என்பதையும் குறித்தனர். குழாயிலே கூடுவன யாவும் கலத்திலே கூடுவதில்லையன்றோ? அக்குழுவினரே 2010 இல் 'நெற்பாத்' என்ற தூதுவழித் தொகுப்பையும் கட்டுரையாக விளக்கினர். நோயெதிர்ப்பு வழிகள் 10, புற்றுநோய் வழிகள் 10. ஒவ்வொரு கூற்றுக்கும் சான்றான கட்டுரை காட்டப்பட்டிருக்கின்றது. மேற்கோள் காட்டாது உரை சொன்னால் எங்கள் ஆசிரியர் புத்தகத்தை மூடிவிடுவார். அவர் இதனைக் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் இத்துணை உழைப்புக்கும் உலகம் கொடுத்த மதிப்பு யாது? மேற்கூறிய மனிதப் புரதத் தொகுப்பின் ஒன்பதாம் பதிப்பு 2010 இல் வந்தது, அதற்குமேற் பதிப்பில்லை. 1986 இல் ஜெனீவாவிலே அமோஸ் பைரொக் தொடங்கிய 'சுவிஸ்-புரொட்' உலகமெங்கும் பயன்பட்டும், 1996 இல் பணமின்றி மூடப்படும் நிலையை எய்தியது. ஆய்வாளர் பலர் கூக்குரலிட்டமையாலே பிழைத்தது. புதியது கண்டவனுக்கே பரிசும் பணமும்; கண்டவற்றை நிறுத்துத் தொகுத்தவன் எழுத்தன் என்று எண்ணப்படுகின்றான். இது பெரும் பிழை என்பதே என் துணிபு.

இயந்திரம் செய்துவிடுமே என்பார்க்கு ஒரு சொல். யூனிப்புரொட்டிலே மனிதர் ஆராய்ந்த பதிவுகள் ஐந்தரை இலட்சத்துக்கு மேல். இயந்திரம் தானாக எழுதியவை கோடிக்கணக்கில். ஒரு புரதத்தின் தொழிலை அதனை ஒத்த இன்னொன்றுக்கும் ஏற்றிச் சொல்வது இயந்திரத்தின் முறை. மூலத்திலே பிழையிருந்தால் அஃது ஏடு பெயர்த்தெழுதுவோன் பிழைபோல வழிவழி பரவும். இயந்திரம் வேண்டாம் என்று யான் சொல்லவில்லை. பாடபேதம் நோக்கும் கண் வேண்டும் என்கின்றேன்.

அக்கண்ணுக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. வாசிப்பும் பொறுமையும் போதும். நீர்வேலியிலிருந்தும் செய்யலாம். என்னிடம் தமிழ் படித்து, இப்போது உயிரியல் பயிலும் மாணவி ஒருத்தி, ஒரு புரதத்தைப் பற்றிய கட்டுரையை யூனிப்புரொட்டுக்கு வெளியார் எவரும் முன்மொழியலாம் என்று எனக்குக் காட்டினாள். நம் பல்கலைக்கழகத்தார் இதனை மாணவர்க்குப் பயிற்சியாக வைத்துப் புள்ளியும் வழங்குதல் வேண்டும்.

பண்டிதர்க்கும் இதிலே பங்குண்டு. நாம் கலம் என்பதைத் தமிழ்நாட்டார் செல் என்றும் உயிரணு என்றும் சொல்கின்றனர். நமக்கு வாங்கி; அவர்க்கு ஏற்பி. நொதியம் அங்கே நொதி. இரு கரையார் நூலையும் படிக்கும் மாணவர் இடர்ப்படுகின்றனர். மானிப்பாயிலே வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மண் இது. பெயர்களை ஒருங்கு தொகுத்து, சான்றும் காட்டி, சிறிய தமிழ் நிகண்டு ஒன்றை உயிரியலாரும் பண்டிதரும் கூடி எழுதலாம். முதற் பதிவு இன்சுலின் வாங்கியாக இருக்கட்டும். மேலே சொன்ன சொற்கள் யாவும் அந்த ஒரு பதிவிலேயே வந்துவிடும்.