ஏழு உருப்படிகளும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

போன சனிக்கிழமை எடிசனில் ஒரு பிள்ளையின் பாட்டு அரங்கேற்றம். தியாகராஜர், தீட்சிதர், பாபநாசம் சிவன்... குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது மனுசியிடம் கேட்டேன், "இதிலை ஒண்டாவது பொம்பிளை கட்டின பாட்டோ?" "அம்புஜம் கிருஷ்ணாவின்ரை ஒண்டு சேர்த்திருக்கலாம்" என்றா. ஆனால் அவரும் சாகித்தியம்தான் எழுதினார். மெட்டுப் போட்டவர்கள் வேறு ஆட்கள்.

நான் இப்படிக் கேட்டதற்குக் காரணம் காரில் ஓடிக்கொண்டிருந்த இசைத்தட்டு. நியூயோர்க்கின் சொனாம்புலா குழு 2019இல் வெளியிட்டது. லெயோனோரா துவார்த்தே (1610-1678) என்ற பெண், வயோல் என்னும் பழைய வில்வாத்தியங்களுக்காக எழுதிய ஏழு சின்ஃபோனியாக்கள் அதில் இருக்கின்றன.

போர்த்துக்கலில் 1497இல் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். மாறியும் சந்தேகம் விடவில்லை. அங்கிருந்து கிளம்பி அன்ற்வேர்ப்பில் வேரூன்றிய வம்சத்தில் வந்தவர் லெயோனோரா. வைர வியாபாரக் குடும்பம் (அந்தக் காலத்தில் ஐரோப்பாவுக்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது). பிள்ளைகள் ஆறு பேர், வீடு முழுக்கப் பாட்டும் வாத்தியமும். இன்று 'யூதப் பெண் இசையமைப்பாளர்' என்கிறார்கள். அவர் வாழ்ந்ததோ கத்தோலிக்கராக. அகதி விண்ணப்பத்தில் எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடுவது என்று முழித்த எங்களுக்கு இது விளங்காததா?

அவருக்குச் சற்று முன், இத்தாலியின் மான்டுவாவில் எவ்ரோப்பா என்று ஒரு யூதப் பாடகி இருந்தார். சலமோனே றொஸ்ஸியின் சகோதரி என்பார்கள். சகோதரனின் எபிரேயப் பாடல்கள் 1620களில் வெனிஸில் அச்சேறின. அவர் பெயரில் ஒரு தாளும் மிஞ்சவில்லை. லெயோனோராவின் ஏழும் தப்பியது, யாரோ படி எடுத்து வைத்ததால்தான். அந்தக் கையெழுத்துப் பிரதி ஒக்ஸ்போட் கிறைஸ்ட் சேர்ச் நூலகத்தில் இருக்கிறது.

என் சின்னம்மா பள்ளிக்கூட விழாக்களுக்குப் பாட்டெழுதி மெட்டும் தானே போடுவா. ஒரு சீ.ஆர். கொப்பி நிறைய இருந்தது. 1995 இடப்பெயர்வில் காணி உறுதியும் நகையும் எங்களோடு சாவகச்சேரிக்கு வந்தன, கொப்பி வரவில்லை. அதை எடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் வீடியோவுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். பிள்ளையின் அம்மம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ சொந்தமாகக் கட்டிய பாட்டு இருக்கிறதா என்று யாராவது கேட்டோமா? இருந்தால் போனில் பதியுங்கள். ரீச்சர்மாரே, அதை ஸ்வரப்படுத்திக் கொடுங்கள், துக்கடாவாகவேனும் மேடையில் ஒன்று பாடட்டும்.

சின்னம்மா இப்போது ஸ்காபரோவில், எண்பது தாண்டிவிட்டது. ஒரு பாட்டின் பல்லவி மட்டும் எனக்கு ஞாபகம். சரணத்தைக் கேட்க இந்த மாதமே போகிறேன்.