பன்றிக்கு ரைபிளும் டெலஸ்கோப்பும் தேவைதானா?

பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர் பகுதிகளில் இன்னமும் நெல்லும் கத்தரியும் கீரையும் பயிரிட்டு வரும் சிறு விவசாயிகளைச் சந்திக்கும்போது, அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வி எழுகிறது. அது உரத்தைப் பற்றியதும் அல்ல, பூச்சி மருந்தைப் பற்றியதும் அல்ல, துப்பாக்கியைப் பற்றியது. ஆவடிக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலை போட்டிருந்த விவசாயி ஒருவர், கனடாவில் இருக்கும் தம் மைத்துனர் அனுப்பிய படத்தைக் கைபேசியில் காட்டினார். விசைக்குக் கீழே வளையம் போன்ற கைப்பிடி வைத்த ஒரு ரைபிள். அதன் மேல் நீளமான டெலஸ்கோப். "ஐயா, இது மாதிரி ஒன்று வாங்கிவிட்டால் இரண்டே ராத்திரியில் பன்றித் தொல்லை தீர்ந்துவிடும் அல்லவா?" என்று கேட்டார். அவருடைய கடலையில் கால் பங்கு ஒரே இரவில் போயிருந்தது. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. கேள்விக்கு முறையாகவே பதில் சொல்லுவோம்.

அந்த ரைபிள் லீவர் ரைபிள் எனப்படும். கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி 1873-லும் 1894-லும் கொண்டுவந்த மாடல்கள் இதில் பேர் பெற்றவை. நீளம் குறைவு, எடை குறைவு, இரண்டாவது வெடி விரைவாக வைக்கலாம் என்பவை இதன் நன்மைகள். ஆனால் பெரும்பாலான லீவர் ரைபிள்களில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள இன்னொரு குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். ஒரு தோட்டாவின் மூக்கு முன் தோட்டாவின் வெடிமூடியைத் தொட்டுக்கொண்டிருப்பதால், கூர்மையான மூக்கு வைத்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால் மூக்கு தட்டையான குண்டுகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். தட்டையான குண்டு காற்றில் வேகம் இழந்து, சுமார் 150 கஜத்திற்கு மேல் விரைவாகத் தாழ்ந்துவிடும்.

இனி டெலஸ்கோப். பழைய வின்செஸ்டர் 1894 மாடலில் காலிக் கூடு மேல்நோக்கித் தெறிக்கும். ஆகவே அதன் நேர் மேலே டெலஸ்கோப் வைக்க முடியாது. 1980-களில்தான் கூடு பக்கவாட்டில் விழும்படி மாற்றினார்கள். மார்லின் கம்பெனியின் 336 மாடலில் கூடு முதலிலிருந்தே பக்கத்தில் விழும். புதர்க் காட்டில் 50, 60 கஜத்தில் சுடுகிறவனுக்குக் குழல் முனையிலுள்ள மணியும் பின்னால் உள்ள பிளவுமே போதும். என் வயதுக்காரர்களுக்கு மணியும் பிளவும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் குறைந்த சக்தியுள்ள சிறிய டெலஸ்கோப் உதவும். அந்த நாட்டில், அந்த நிலத்தில் என்றால் இதுதான் என் சிபாரிசு.

ஆனால் அந்த நிலம் எது? கனடாவின் மேற்குச் சமவெளியில் ஒரு குடியானவருக்கு அரசு அளந்து கொடுத்தது 160 ஏக்கர். அரை மைல் நீளம், அரை மைல் அகலம். நம்முடைய ஒரு ஏக்கரைச் சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 209 அடி, அதாவது 70 கஜம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 100 கஜம்கூட இல்லை. நம் வயலில் நிற்கும் பன்றியைப் பெரிதாக்கிப் பார்க்க டெலஸ்கோப் எதற்கு? அதுவும் பன்றி வருவது இரவில். சாதாரண டெலஸ்கோப் இருட்டை வெளிச்சமாக்குவதில்லை. பார்வையின் அகலத்தைக் குறுக்கிவிடுகிறது. பன்றிக்குப் பின்னால் தண்ணீர் பாய்ச்ச வந்து நிற்கும் பக்கத்து வயல்காரர் அதில் தெரிய மாட்டார்.

எனக்குள்ள உண்மையான கவலை இதுதான். வேலை முடிய வேண்டிய தூரம் 70 கஜம். குண்டு அங்கே நின்றுவிடுவதில்லை. ரைபிள்களில் மிகச் சிறியதான .22 தோட்டாவின் பெட்டி மீதே, ஒன்றரை மைல் வரை அபாயம் என்று அச்சிட்டு விற்கிறார்கள். பெரிய ரைபிளின் குண்டு அதற்கும் அப்பால் போகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒன்றரை மைலுக்குள் வீடோ, சாலையோ, ரயில் பாதையோ, தொழிற்சாலையோ இல்லாத வயல் ஒன்றை யாராவது எனக்குக் காட்டட்டும். நம் நிலம் சமதளம். குண்டைத் தாங்க ஒரு மேடு கிடையாது. ஏரிக்கரை இருக்கிறதே என்பார்கள். அந்தக் கரையின் மேல்தான் ஆட்கள் நடக்கிறார்கள்.

சட்டமும் இதையே வேறு வழியில் சொல்லுகிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென்று குறிப்பிடுவது, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று லைசென்சு அதிகாரி கருதினால், உட்புறம் வழுவழுப்பான குழலுள்ள வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். பயிர்ப் பாதுகாப்பு என்ற அந்த வரிகளில் ரைபிள் இல்லை. ரவை போட்டுச் சுடும் துப்பாக்கிக்கு 40 கஜத்திற்கு மேல் நம்பிக்கை கிடையாது. அதில் டெலஸ்கோப் மாட்டுவது மாட்டு வண்டிக்கு மீட்டர் பொருத்துவது போல. லீவர் ரைபிளோ நம் நாட்டு அரசுத் தொழிற்சாலைகளில் செய்யப்படுவதில்லை. இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள், தாழ்ப்பாள் போல் இழுத்துத் தள்ளும் வகை. 2022 ஜனவரி முதல் நம் பகுதி ஆவடி போலீஸ் கமிஷனரகத்தில் இருப்பதால், லைசென்சு மனு அங்கேதான் போக வேண்டும். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். (குடகு நாட்டில் லைசென்சே இல்லாமல் வைத்திருக்கிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அது குடகர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நிலக்காரர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் தனி விலக்கு, நமக்குப் பொருந்தாது.)

சரி, துப்பாக்கி லைசென்சு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது பன்றியைச் சுடுவதற்கு அனுமதி ஆகாது. இதைப் பலர் அறிவதில்லை. காட்டுப்பன்றி 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி கொடுத்து, லைசென்சு உள்ளவர்களைக் கொண்டு சுட ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர்களே சுடலாம். ஆக, விவசாயி கையிலுள்ள துப்பாக்கி வெறும் மருந்தை வெடித்துச் சத்தம் போடத்தான் உதவும். அந்தச் சத்தத்துக்கு இத்தனை செலவு வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. நகரை ஒட்டிய வயல்களில் கிண்டுவது பல சமயம் காட்டுப்பன்றியே அல்ல. குப்பை மேட்டில் மேயவிட்ட வளர்ப்புப் பன்றி. சுழிந்த வாலும், காதில் உடையவர் போட்ட வெட்டும், பகலிலும் பயமின்றித் திரிவதும் அதன் அடையாளம். காட்டுப்பன்றிக்கு வால் நேராகத் தொங்கும், பிடரியில் முரட்டு மயிர் நிற்கும், குட்டிகளின் முதுகில் வரிகள் ஓடும். இரண்டும் கலந்த இனமும் திரிகிறது என்பதால் கால் தடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பிறர் பன்றியைக் கொன்றால் வழக்கு உங்கள் மீது வரும். அதைப் பிடிக்க வேண்டியது நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சியின் பொறுப்பு.

கடலைக்காரருக்கு நான் சொன்னது வேறு. விதைத்த முதல் 20 நாளும், காய் முற்றும் கடைசி மூன்று வாரமும்தான் பன்றிக்கு ஆசை அதிகம். காவலை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளவும். அடுத்தடுத்த நிலக்காரர் நான்கு பேர் சேர்ந்து ஒரே சுற்றாகக் கம்பி வலை போட்டால், தனித்தனியே போடுவதைவிடக் கம்பி வெகுவாகக் குறையும். வலையின் அடி விளிம்பை ஒரு அடி மண்ணில் புதைக்க வேண்டும். பன்றி தாண்டுவதைவிட அடியில் முட்டி நுழையவே பார்க்கும். பழைய சேலை கட்டுவது ஒரு வாரம் வேலை செய்யும், பிறகு பழகிவிடும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராகக் கொடுப்பதையும், அவுட்டுக்காய் வைப்பதையும் கனவிலும் நினைக்க வேண்டாம். பன்றிக்கு வைத்ததில் மாடும் மனிதரும் மடிந்திருக்கிறார்கள்.

இதில் அரசு தரப்பையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. துப்பாக்கியை விவசாயி கையில் கொடுக்காதது சரி என்பது என் கருத்து. குறைந்தபட்சம் நம் வட்டாரத்திலாவது அது சரி. ஆனால் சுடும் பொறுப்பை வனத்துறை தன்னிடம் வைத்துக்கொண்டால், தகவல் சொன்ன இரவிலோ மறு இரவிலோ ஆள் வர வேண்டும். கடலை பிடுங்கிய பிறகு வந்து பார்த்து என்ன பயன்? கம்பி வலைக்கு மானியம் கொடுக்கும்போது, ஒற்றை விவசாயிக்கு என்றில்லாமல் நான்கு பேர் கூட்டாகக் கேட்டால் முதலிடம் தரலாம். வளர்ப்புப் பன்றியை அவிழ்த்து விடுகிறவர்களுக்கு உள்ளாட்சிகள் அபராதம் போட்டாலே நம் பகுதித் தொல்லையில் பெரும் பங்கு குறையும்.

சேதம் ஆன அன்றே, மண்ணைச் சமன் செய்வதற்கு முன்பாகப் படம் எடுத்துக்கொள்ளவும். கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, சர்வே எண், பயிர், விதைத்த தேதி, சேதமான பரப்பு இவற்றை எழுதி, காட்டுப்பன்றி என்றால் வனச்சரகருக்கும், வளர்ப்புப் பன்றி என்றால் நகராட்சி ஆணையருக்கோ ஊராட்சிக்கோ மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளவும். எந்தப் பன்றி என்று தெரியாவிட்டால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திற்குப் படத்துடன் வந்தால் பார்த்துச் சொல்லுவார்கள்.