‘உடைகள்’ ஒரு வரி, ‘ஆடை வடிவமைப்பு’ வேறு வரி

தமிழ்த் திரைப்படங்களின் பெயர்ப்பட்டியலில் ‘ஆடை வடிவமைப்பு’ என்றொரு வரி வரும். ‘உடைகள்’ என்று தனியே மற்றொரு வரியும் வரும். முன்னவர் திட்டமிடுகிறார். பின்னவரும் அவருடைய உதவியாளர்களும் தைக்கின்றனர், சாயமேற்றுகின்றனர், புதுத்துணியைப் பழந்துணியாக்குகின்றனர், துவைத்து இஸ்திரி போடுகின்றனர். பத்து நாள் கழித்து எடுக்கப்படும் காட்சியிலும் அதே கிழிசல் அதே தோளில் இருக்குமாறு காக்கின்றனர். இரண்டுமே கலையறிவைக் கோரும் பணிகள். ஆனால் இரண்டாம் வரியிலிருந்து முதல் வரிக்கு ஏற நம் பிள்ளைகளுக்கு என்ன வழி இருக்கிறது?

தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டுத் தையல் தொழில்நுட்பம் கற்கலாம். அங்கே கிடைப்பது அன்றாட உடைகளுக்கான பயிற்சி. அரங்க உடையின் இலக்கணம் வேறு. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் பாத்திரம் யாரென்று தெரிய வேண்டும். விளக்கொளியில் நிறம் வெளிறக் கூடாது. இருட்டில் சில நொடிகளில் மாற்ற இயல வேண்டும். கட்டைக்கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் விடிய விடிய ஆடுபவரின் உடலுக்குப் பாரமாகிவிடக் கூடாது. இவற்றை முறையாகக் கற்பிக்கும் இடங்கள் மிகச் சில. தில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளி பட்டப்படிப்பையும் நாடக அனுபவத்தையும் கேட்கிறது. நிஃப்டில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. ஆனால் நான்காண்டுக் கட்டணம் பல இலட்சம். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சத்தைச் சற்றே தாண்டினாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இல்லை.

ஆகவே பெரும்பாலானோர் ஒரு மாஸ்டரிடம் உதவியாளராகச் சேர்ந்தே தொழில் பழகுகின்றனர். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 3ஏ பிரிவு, குறிப்பிட்ட தொழில்களின் பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு வழங்குகிறது. எழுத்துவழி ஒப்பந்தம் இருந்தால்தான் அச்சட்டம் பேசும். ‘அண்ணனோடு இருக்கிறேன்’ என்பது ஒப்பந்தமாகாது. அங்கே உதவித்தொகையும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. யாரைச் சேர்ப்பது என்பதை உறவும் சாதியும் தீர்மானித்தால் கேட்க ஆளில்லை.

அதன் பிறகு சங்க அட்டை. தையல் படித்து நான்கு ஆண்டுகள் உதவியாளராக உழைத்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். உறுப்பினர் அட்டை கேட்டபோது அவருடைய வேலையை எவரும் பார்க்கவில்லையாம், “யார் வீட்டுப் பிள்ளை?” என்று மட்டும் கேட்டார்களாம். எழுத்தில் மறுப்பு எதுவும் தரவில்லை. வழக்குரைஞருக்கு இதைவிடத் தொல்லையான மறுப்பு வேறில்லை.

இவ்விடத்தில் சாரு குரானா வழக்கை நம் தோழர்கள் படிக்க வேண்டும். மும்பைத் திரைத்துறையின் ஒப்பனை, உடைக் கலைஞர்கள் சங்கம் பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞர் அட்டை தர மறுத்தது. மகாராஷ்டிரத்தில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும் என்றும் விதி வைத்திருந்தது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளை நீக்கியது. அரசின் பதிவாளர் ஏற்றுப் பதிவுசெய்த துணைவிதி அரசமைப்புச் சட்டத்தை மீறக் கூடாது என்பதே அதன் அடிப்படை. பாலினத்துக்குப் பொருந்திய அந்தத் தருக்கம் சாதிக்கும் பொருந்தும். தீண்டாமையின் பேரில் ஒருவர் தொழில் செய்வதைத் தடுப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.

பதிவாளர் அலுவலகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. உடைக் கலைஞர் சங்கங்களின் துணைவிதிகளை, குறிப்பாக அட்டைக்கான தகுதியையும் நுழைவுக் கட்டணத்தையும், அங்கிருந்து கேட்டுப் பெறலாம். அட்டைக்கான விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, அனுப்பிய ரசீதையும் சேர்ப்பித்ததற்கான சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள். வாய்மொழி மறுப்பை வழக்காக்க முதலில் வேண்டியவை இந்தக் காகிதங்கள்தான்.