ஃபைல் எங்கேடா இருக்கு?



'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். அந்தச் சுரைக்காயை நான் நேரிலேயே பார்த்தது போன செமஸ்டர் லினக்ஸ் பிராக்டிகல் அன்றுதான்!

வெப் சர்வரின் டாக்குமெண்ட் ரூட்டை மாற்றிக் காட்ட வேண்டும். எனக்கும் பக்கத்து சிஸ்டத்தில் இருந்த நண்பனுக்கும் ஒரே கேள்வி. ரெக்கார்டு நோட்டை அவனைப் போல் மனப்பாடம் செய்தவன் எங்கள் கிளாஸில் கிடையாது. நோட்டில் உள்ளபடியே ஈடிசி, அதற்குள் ஹெச்டிடிபிடி, அதற்குள் கான்ஃப் என்று விஐ எடிட்டரில் அடித்தான். வெறும் திரை வந்தது. அசராமல் வரிகளை டைப் செய்தான். சேவ் பண்ணப் போனால், எழுத முடியாது என்று எரர்! மணி அடிக்கும் வரை அதே எரர். நானும் அங்கேயேதான் நின்றேன். வெளியே வந்ததும், "படிச்சதைத்தானே மாப்ளே அடிச்சேன்?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. என்னிடம் பதில் இல்லை.

பதிலை மறுநாள் லேப் அண்ணன் சொன்னார். எங்கள் நோட்டு ரெட் ஹாட் வகை லினக்ஸுக்கு எழுதியது; லேப்பில் இருந்ததோ உபுண்டு! 1995-ல் வெளிவந்த அப்பாச்சி சர்வர் இரண்டிலும் ஒன்றுதான், குடியிருக்கும் வீடுதான் வேறு. உபுண்டு, டெபியனில் அது ஈடிசிக்குள் அப்பாச்சி2 என்ற டைரக்டரி. அங்கேயும் டாக்குமெண்ட் ரூட் வரி பிரதான ஃபைலில் இருக்காது. சைட்ஸ்-அவைலபிள் என்பதற்குள் ஒவ்வொரு தளத்துக்கும் தனி ஃபைல் உண்டு, அதில் இருக்கும். சோர்ஸிலிருந்து நாமே கம்பைல் செய்தால் விலாசம் இன்னொன்று. இத்தனை விலாசத்தையும் மனப்பாடம் செய்ய முடியுமா? செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் கட்சி. ஊர் தெரியாவிட்டால் ஊர்க்காரரைத்தானே கேட்போம்? சர்வரையே கேளுங்கள்! அப்பாச்சிசிடிஎல் கட்டளையோடு பெரிய எழுத்து 'வி' கொடுத்தால், தன் பிரதான ஃபைல் எது என்று அதுவே சொல்லும். 2004-ல் வந்த என்ஜின்எக்ஸ் சர்வருக்குச் சிறிய 'டி' கொடுத்தால் ஃபைலின் இடத்தையும் சொல்லி, பிழை உண்டா என்றும் பார்த்துக் கொடுக்கும். குறிப்பிட்ட வரி எங்கே என்று தேட கிரெப் இருக்கிறது. அன்று இந்த ஒரு கட்டளை தெரிந்திருந்தால் நண்பன் பாஸ்!

கண்டுபிடித்தால் மட்டும் போதாது. கை வைக்கும் முன் ஒரு காப்பி எடுங்கள். அதையும் பார்த்து வையுங்கள். நான் ஒருமுறை என்ஜின்எக்ஸின் சைட்ஸ்-எனேபிள்டு டைரக்டரியிலேயே காப்பியைப் போட்டுவிட்டேன். உபுண்டுவில் அங்கே உள்ள எல்லா ஃபைலையும் அது படித்துவிடும். ஒரே தளம் இரண்டு முறை வந்து, எரர்! காப்பியை வீட்டு டைரக்டரியில் வையுங்கள். திருத்தியதும் கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டுங்கள். 'சின்டாக்ஸ் ஓகே' வந்த பிறகு ரீலோடு செய்யுங்கள். பார்க்காமல் ரீஸ்டார்ட் அடித்தால், நின்ற சர்வர் நின்றதுதான்! லேப்பில் நின்றால் மார்க் போகும். நாளை வேலைக்குப் போன இடத்தில் நின்றால்?

"சிலபஸில் இல்லாததை எதுக்குடா படிக்கணும்?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மார்க்குக்காகத்தானே நாம் ஓடுகிறோம்! அதனால்தான் ஆசிரியப் பெருமக்களிடம் பணிவோடு ஒரு வேண்டுகோள்: பிராக்டிகலில் முதல் ஐந்து மார்க்கை 'ஃபைலைக் கண்டுபிடி' என்பதற்கே கொடுங்கள். மேனுவலின் முதல் பக்கத்தில் எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன் என்று எழுதுங்கள். நோட்டும் மெஷினும் ஒத்துப்போகாததற்கு மாணவன் அழ வேண்டுமா?

என் நண்பன் அரியரில் எழுதி இப்போது பாஸாகிவிட்டான். ஜூனியர்கள் யாராவது வழி கேட்டால், அவன் பாதையைச் சொல்வதில்லை. "சர்வரைக் கேளு தம்பி!" என்கிறான்.

நாமும் கேட்போம்! கேட்டுத் தெரிந்து திருத்துவோம்!