யார் வீட்டுப் பிள்ளை?

கோடு போட்ட நோட்டின் கடைசித் தாளில் பதினோரு பெயர்கள். பென்சிலால் எழுதியது; இரண்டு பெயர்களில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. கீரமங்கலம் பக்கத்தில் எங்கள் உறவு வீடு ஒன்றில், சென்ற ஆடி மாதம், ஏழு வயது நிறையப்போகும் பெண்பிள்ளை தன் பிறந்தநாளுக்கு யார் யார் வரவேண்டும் என்று தானே எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். அப்பத்தா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்விதான்: “அது யாரு வீட்டுப் புள்ளத்தா?”

எட்டுப் பெயர்களுக்கு உடனே விடை வந்தது. மீதி மூன்றுக்கும் பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: “என் பெஞ்சுல உக்காருவா.”

அப்பத்தாவின் கேள்விக்கு என்ன பொருள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெரு தெரிந்தால் சாதி தெரியும். சாதி தெரிந்தால் வந்த பிள்ளை வாசலோடு நிற்குமா, நடுவீடு வரைக்கும் வருமா என்பது தெரிந்துவிடும். நம் வீட்டு விசேஷங்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவது பெரியவர்கள். பங்காளி, சம்பந்தி, மாமன் மச்சான் என்று அந்தப் பட்டியல் பிறக்கும்போதே சாதிக்குள் பிறக்கிறது. பிள்ளை போடும் பட்டியல் வகுப்பறையில் பிறக்கிறது. குழந்தையின் பிறந்தநாளை வீட்டிலேயே, சின்னதாக, அதன் தோழர்களை அழைத்து வைக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். செலவு மிச்சமாவது அதற்கு அடுத்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலும், பக்கத்துத் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி பக்கமும் மொய் விருந்துக் காலம். ஆட்டுக்கறிச் சாப்பாடு, பந்தலில் வரிசையாக மொய் எழுதும் மேசைகள், பணம் எண்ணும் இயந்திரம். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யும்போது பழையதோடு புதிதாக ஒரு தொகையும் சேர்த்து எழுதினால் உறவு நீள்கிறது. பழையதை மட்டும் எழுதினால் கணக்கு முடிந்தது என்று பொருள். வட்டியில்லாத கடன் இது. கிணறு வெட்டியவர்களும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தவர்களும், தொழில் தொடங்கியவர்களும் இதை நம்பி எழுந்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, மரத்தோடு சேர்ந்து மொய்யும் விழுந்தது. செய்ய வேண்டியவர்களால் செய்ய முடியவில்லை. கையில் வருமானம் இருக்கும்வரைதான் மொய் நோட்டு நிற்கும் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

பெரியவர்களுக்குள் இந்தக் கணக்கு இருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. முதல் பிறந்தநாளையும் அதற்குள் இழுத்துவருவதுதான் வருத்தமாக இருக்கிறது. பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்துவது குலதெய்வத்தின் முன்னால், தாய்மாமன் மடியில் நடக்கிறது. சீர், செய்முறை, மொய் எல்லாம் அங்கேயே நடந்துவிடுகிறது. அதே பிள்ளைக்கு, அதே சொந்தங்களை வைத்து, மண்டபம் பிடித்து, பிளெக்ஸ் அடித்து, இரண்டாவது முறையும் நோட்டை விரிப்பது எதற்கு? வந்தவர் எழுதிய தொகை அவர் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்குத் திரும்ப வேண்டும். எழுத முடியாதவர் உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமல் இருந்துவிடுவார். ஒரு வயதுப் பிள்ளையின் பெயரில் ஒரு குடும்பம் கூசி வீட்டோடு கிடக்கிறது.

இது நமக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. கொரியாவில் முதல் பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். நூல், புத்தகம், பணம் என்று பரப்பி வைத்துக் குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பது அங்கே வழக்கம். வருகிறவர்கள் குழந்தைக்குத் தங்க மோதிரம் போடுவதும் வழக்கம். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அந்த மோதிரம் நெருங்கிய நண்பர்களுக்குக்கூடப் பாரமாகிவிடுகிறது.

மண்டபத்தில் பிள்ளை படும் பாட்டையும் சொல்ல வேண்டும். எட்டு ஒன்பது மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரைக்கும் குழந்தைக்கு அந்நிய முகம் என்றாலே மிரட்சி. அது வளர்ச்சியின் இயல்பு. அந்த வயதில் ஜிகினா உடுப்பை மாட்டி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, நூறு கைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். அழுகையை நிறுத்தக் கைபேசியைக் காட்டுகிறோம். வீடியோவில் அழாத ஒரு நிமிடத்தை வெட்டி எடுத்துவைத்துக்கொள்கிறோம்.

‘கேக் வெட்டுவதே நம் வழக்கம் இல்லை’ என்று இந்த இடத்தில் சிலர் எழுந்துவருவார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்த மாவட்டத்தில் ஐம்பது அறுபது வயதைத் தாண்டியவர்களின் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். எத்தனையோ பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள். கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று வைத்து, பள்ளி திறக்கும் ஜூனை ஒட்டி வாத்தியார் ஒரு தேதி போட்டுவிடுவார். பெண்களில் பலருக்கு அந்தத் தேதிகூடக் கிடையாது. 1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இந்த மாவட்டத்தில் வேகம் எடுத்தபோது, கல் குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் இரவில் எழுத்துப் படித்தார்கள், சைக்கிளும் பழகினார்கள். தன் பெயரைத் தன் கையால் முதல்முறை எழுதியவர்களில் பலர் அப்போது பிள்ளை பெற்ற தாய்மார்கள். என்றைக்குப் பிறந்தோம் என்று யாரும் குறித்துவைக்காத பெண்களின் பேத்திகள் இன்று ‘எனக்கு இத்தனாந் தேதி பர்த்டே’ என்று சொல்லிக்கொண்டு ஓடிவருகிறார்கள். அந்தத் தேதியைக் கொண்டாட வேண்டும். நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை செய்கிறவர்கள் செய்யட்டும். கேக்கும் மெழுகுவர்த்தியும் ஜெர்மனியிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும்; வந்த இடத்தில் நம் பிள்ளையின் பெயர்தானே அதன்மேல் எழுதியிருக்கிறது.

பிள்ளையின் பட்டியலுக்கு வருகிறேன். அப்பத்தாவின் கேள்வி அவர் வீட்டோடு நிற்கும் கேள்வி இல்லை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குக் குடிநீர் போகும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதைத் தெரியவைத்தவர்கள் குழந்தைகள்: அவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போய், மருத்துவமனையில் தண்ணீரைப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்கப் போன அப்போதைய ஆட்சியர் கவிதா ராமுவின் கண்ணில், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது பட்டது. பட்டியல் சாதி மக்களுக்கு மறுக்கப்பட்டுவந்த அய்யனார் கோயிலுக்குள் அவர்களை அவர் அழைத்துப் போனார்.

மறு ஆண்டு நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களே சாதியின் பெயரால் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் அடக்கம். ஒரு பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை அரசால் பார்த்துக்கொள்ள முடியும். நாலு மணிக்கு மணி அடித்த பிறகு அந்த இரண்டு பிள்ளைகளும் எந்த வீட்டுக் கூடத்தில் சேர்ந்து உட்காருவார்கள் என்பதற்கு எந்த அரசாணையும் கிடையாது. அது நம் கையில் இருக்கிறது, அதுவும் வருஷத்துக்கு ஒரு நாள், பிள்ளையே கேட்கும்போது.

வீட்டில் வைப்பதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். விடுமுறை நாளில் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு மணி வரை போதும். இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தால் கூடத்தில் பாய் விரித்தால் கொள்ளும். கீரமங்கலம் போலப் பூவுக்குப் பேர்போன ஊரில் பலூன் தோரணத்துக்கு ஆயிரக்கணக்கில் ஏன் கொடுக்க வேண்டும்? சம்பங்கிச் சரமும் மாவிலையும் போதும். நுரை பீய்ச்சும் ஸ்ப்ரே டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள். அதில் அடைத்திருப்பது பெரும்பாலும் எளிதில் பற்றும் வாயு, எரியும் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் அடித்தால் முகத்தில் தீப்பிடிக்கும். நாலு வயதுக்குக் கீழே பிள்ளைகள் வந்திருந்தால் முழு நிலக்கடலையையும் முழுத் திராட்சையையும் தட்டில் வைக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெடித்த பலூன் துண்டும் அப்படித்தான். ‘பரிசு எதுவும் வேண்டாம், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்’ என்று அழைக்கும்போதே சொல்லிவிட்டால், இல்லாத வீட்டுப் பிள்ளையும் தலைநிமிர்ந்து வரும்.

அந்தப் பெண்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பதினோரு பேரில் பத்துப் பேர் வந்தார்கள். அப்பத்தாவுக்கு விடை கிடைக்காத அந்த மூவரும் வந்திருந்தார்கள். இருவர் ஓடிவந்து பாயில் உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாவது பிள்ளை செருப்பை வேலிப்படலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, மணலில் நின்றாள். உள்ளே வா என்று பெரியவர்கள் சொல்லியும் அசையவில்லை. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், அல்லது யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பிறந்தநாள்காரி போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அந்த வீட்டு மருமகளிடம் காகிதக் கப் ஒரு கட்டு இருந்தது. அதை எடுக்காமல், அலமாரியிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை இறக்கிக் கழுவி, எல்லோருக்கும் அதிலேயே ரஸ்னா ஊற்றிக் கொடுத்தாள். சீசன் முடிகிற நேரத்துப் பலா ஒன்று அறுத்திருந்தது. சுளையைத் தின்று கொட்டையை யார் தூரமாக எறிவது என்று கொல்லையில் பெரிய போட்டி. அப்பத்தா திண்ணையை விட்டு எழவில்லை. டம்ளர்களை இரவு மருமகள்தான் கழுவினாள். அப்பத்தா தனக்கென்று ஒரு டம்ளரை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டார். அதைப் பிள்ளை கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று அந்த நோட்டில் இன்னொரு தாள் கிழிந்திருந்தது. மணலில் நின்ற பிள்ளைக்கு ஐப்பசியில் பிறந்தநாளாம். இவளை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். போகவிடுவதா வேண்டாமா என்ற பேச்சு அப்பத்தாவுக்கும் மருமகளுக்கும் நடுவில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது. சமையல்கட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில், அந்தத் தேதியைச் சுற்றி மருமகள் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.